கொட்டேஷனின் கடைசி வரி: ரிச்சி தெருவின் மிச்சக் கோட்பாடு குறித்து ஓர் ஆய்வு

இத்துறையில் முன்னாய்வுகள் இல்லை என்று சொல்லித்தான் எந்த ஆய்வேடும் தொடங்க வேண்டும். மரபை மீறக் கூடாது என்பதால் இந்தக் கட்டுரையும் அப்படியே தொடங்குகிறது.

ஆய்வுக் களம் சென்னை ரிச்சி தெரு. அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது. பெயரில்தான் ஒரே தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு, அவற்றின் சந்துகள், சந்துக்குள் ஏறும் மாடிப்படிகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஊர் அதை ரிச்சி தெரு என்கிறது. ரேடியோ உதிரிபாகங்களில் தொடங்கிய வியாபாரம் டிவி, டேப் ரிக்கார்டர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது. மீரான் சாகிப் தெரு ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் அலுவலகங்களுக்குப் பேர்போனது. படப்பெட்டி போன வழியில் இன்று கேபினெட் போகிறது. இதிலிருந்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. ஆனால் களவரலாறு இல்லாத ஆய்வை யாரும் மதிப்பதில்லை.

ஆய்வுப் பொருள், வீட்டுக்குக் கம்ப்யூட்டர் 'அசெம்பிள்' செய்ய வருபவர் கையில் கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் கொட்டேஷன். ப்ராசசர், போர்டு, ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, கேபினெட், எஸ்எம்பிஎஸ் என்று மேலிருந்து கீழே இறங்கும் அந்தச் சீட்டை இதுவரை விலைப்பட்டியலாக மட்டுமே வாசித்து வந்திருக்கிறோம். அது ஒரு சமூகத்தின் மதிப்பீடுகளை இறங்குவரிசையில் எழுதிய ஆவணம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. கருதுகோளைச் சுருக்கமாகச் சொன்னால்: எஸ்எம்பிஎஸ்ஸுக்கு என்று யாரும் பணம் ஒதுக்குவதில்லை, மற்றதெல்லாம் வாங்கியபின் எது மிஞ்சுகிறதோ அதுவே எஸ்எம்பிஎஸ்ஸின் விலை. இதை 'மிச்சக் கோட்பாடு' என்று அழைக்கலாம்.

கம்ப்யூட்டர் பொருள்களைத் தமிழ் இலக்கண மரபுப்படி அகம், புறம் எனப் பகுப்பதில் சிரமமில்லை. கேபினெட்டுக்குள் இருப்பவை அகம். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் ஆகியவை புறம். கேபினெட் எந்தப் பக்கம் என்பதில்தான் சிக்கல். முன்பெல்லாம் அது சாம்பல் நிறத் தகரப் பெட்டி, ஐயமில்லாமல் புறம். இன்று ஒரு பக்கம் கண்ணாடி வைத்து, உள்ளே மூன்று ஃபேன்கள் நீலமும் ஊதாவுமாக மின்ன, அகத்தை ஊருக்குக் காட்டுவதே அதன் தொழிலாகிவிட்டது. அந்தக் கண்ணாடி வழியே ராம் தெரியும், கிராபிக்ஸ் கார்டு தெரியும். எஸ்எம்பிஎஸ் தெரியாது. அடித்தளத்தில் அதற்கென்று ஒரு தகர மூடி போட்டு மறைத்துவிடுகிறார்கள். அகத்துக்குள்ளும் அகமாக அது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. வீட்டுக்கு வரும் சித்தப்பா பார்க்காத பொருளுக்குக் காசு செலவழிப்பது எப்படி?

களப்பணியில் கேட்ட உரையாடல் ஒன்று, ஏறத்தாழ எந்தக் கடையிலும் கேட்கக்கூடியது. பொறியியல் கல்லூரியில் சேர்ந்த பையன், கூடவே அப்பா.

"சார், தம்பி சொன்ன காம்போ போட்டா அம்பத்தாறு வருது."

"அம்பதுக்குள்ள முடிப்பா. அதுக்கு மேல இல்ல."

"கார்டைக் குறைக்கலாமா தம்பி?"

"வேணாம்ணா."

"கேபினெட்?"

பையன் பதில் சொல்லவில்லை. முகமே பதில்.

"சரி, எஸ்எம்பிஎஸ் லோக்கல் போட்டுக்கலாம் சார். ஒண்ணும் ஆகாது. எல்லாரும் அதான் போடுறாங்க."

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது எத்தனை வருஷம் வரும்?" கடைக்காரர் ப்ராசசரின் வாரண்டியைச் சொன்னார். மூன்று வருடம். அது உண்மையும்கூட. கேள்வி எதைப் பற்றியது என்பதை இருவரும் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை.

எஸ்எம்பிஎஸ் செய்யும் வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிப் பிரித்துக் கொடுப்பது அதுதான். முன்பெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் சுமை கணிசமாக இருந்தது. 2000 வாக்கில் பென்டியம் 4 வந்தபோது ப்ராசசருக்கென்று தனியாக நாலு முனை 12 வோல்ட் இணைப்பு வந்தது. அன்றிலிருந்து சுமை அந்தப் பக்கமே சாய்ந்து, இன்று ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது பெரும்பாலும் 12 வோல்ட்தான். ஆகவே பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் '450 வாட்ஸ்' என்று இருப்பது பாயிரம். நூல் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கிறது. அங்கே +12V என்ற கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்ப் என்று பார்த்து அதைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். 14 ஆம்ப் என்றிருந்தால் 168 வாட். 450 எங்கே போயிற்று என்று கேட்கக் கூடாது. அது கவித்துவ உண்மை.

இந்த 168-ஐக் கொண்டு என்ன செய்யலாம் என்று கணக்கிடுவோம். 65 வாட் என்று அட்டையில் போட்ட ரைசன் ப்ராசசர் முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 எட்டு ஜிபி கார்டு 130 வாட். இரண்டும் சேர்ந்தாலே 218. போர்டு, ராம், எஸ்எஸ்டி, மின்னுகிற ஃபேன்கள் இதற்கு மேல். நேர்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ் இதைத் தூக்கத்திலேயே தாங்கும். லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கு வேண்டிய ஆறு முனை, எட்டு முனை வயரே பல சமயம் இருக்காது. அதற்கும் ரிச்சி தெருவில் விடை உண்டு: ஹார்ட் டிஸ்க் வயரை அந்த வயராக்கும் கன்வெர்டர். சொற்பக் காசு. வயர் இல்லாததே ஓர் எச்சரிக்கை என்று படிக்கத் தெரியாதவர்களுக்காக விற்கப்படும் பொருள் அது.

இன்னொரு தடயம் பெட்டியின் பின்பக்கம் இருக்கும் சின்னச் சிவப்பு ஸ்விட்ச். 115, 230 என்று இரண்டு நிலை. அது இருந்தால், உள்ளே ஆக்டிவ் பிஎஃப்சி என்கிற திருத்தச் சுற்று இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ் எந்த வோல்ட்டுக்கும் தானாக ஒத்துப்போகும், ஸ்விட்ச் தேவையில்லை. நம் ஊரில் அந்த ஸ்விட்ச்சுக்கு ஒரே ஒரு பயன்தான்: விடுமுறைக்கு வந்த அக்கா பையன் அதை 115 பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த முறை பிளக்கைப் போடும்போது வீட்டில் எல்லோரையும் ஒரே சத்தத்தில் ஹாலுக்கு வரவழைப்பது. ஆக்டிவ் பிஎஃப்சிக்கும் ஒரு குணக்கேடு உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. விலை குறைந்த யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தருகிற கரடுமுரடான அலையைச் சில எஸ்எம்பிஎஸ்கள் ஏற்காமல் அணைந்துவிடும். வீட்டு யுபிஎஸ்ஸில் '600 விஏ' என்பதும் பாயிரமே. உள்ளே பார்த்தால் 360 வாட் என்று இருக்கும்.

'80 பிளஸ்' முத்திரை 2004-இல் வந்தது. ஐந்தில் ஒரு பங்கு, பாதி, முழுச் சுமை என எந்த நிலையிலும் ஏறக்குறைய எண்பது விழுக்காடு மின்சாரமாவது வீணாகாமல் உள்ளே போக வேண்டும் என்பது அடிப்படை. பிறகு அதில் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் எனப் படிகள் வந்தன. தங்கம் என்றதும் தமிழ்க் குடும்பத்துக்கு உடனே புரியும் ஒன்று உண்டு: சேதாரம். சுவரிலிருந்து நூறு வாட் இழுத்து எண்பதைக் கொடுத்தால் மீதி இருபது சேதாரம், சூடாகப் போய்விடும். பாதிச் சுமையில் வெண்கலத்தின் சேதாரம் பதினைந்து, தங்கத்தினுடையது பத்து. நகைக்கடையில் தங்கத்துக்குச் சேதாரம் ஏறும்; இங்கே இறங்கும். ஆனாலும் மின்கட்டணம் மிச்சமாகும் என்று சொல்லித் தங்கத்தைத் தலையில் கட்டும் வாதத்தை ஏற்க முடியவில்லை. உள்ளே 200 வாட் வேண்டும் கம்ப்யூட்டரை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால், எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் உள்ள வித்தியாசம் மாதத்துக்கு நாலு யூனிட்டைச் சுற்றித்தான். வெண்கலம் போதும். முத்திரை வேண்டுவது காசை மிச்சம் பிடிக்க அல்ல. முத்திரைக்கு விண்ணப்பிக்கும் கம்பெனி, வோல்ட் எகிறினாலும் ஷார்ட் ஆனாலும் தன்னை மட்டும் அணைத்துக்கொண்டு போர்டைக் காப்பாற்றும் சுற்றையும் பெரும்பாலும் வைத்திருக்கும் என்பதால்தான். லோக்கல் எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போவதில்லை. போர்டைத் துணைக்கு அழைக்கும்.

இனி கோட்பாட்டின் உலகளாவிய பரிமாணம். 1999 செப்டம்பரில் தைவானில் நிலநடுக்கம்; ராம் விலை ஏறியது. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம். ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி உலகமெங்கும் விலை எகிறியது. 2021-இல் கிரிப்டோ நாணயம் தோண்டக் கிளம்பியவர்கள் கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற நாணயம் தோண்டத் தேவையில்லாத வேறு முறைக்கு மாறியதும் அதே கார்டுகள் செகண்ட் ஹேண்டாகத் திரும்பி வந்தன. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் மெமரி சிப்புகளை வளைக்க, ராம் விலை மறுபடி எகிறியது. ஒவ்வொரு முறையும் அப்பாவின் ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாகவே இருந்தது. ஆகவே தாய்லாந்தில் மழை பெய்தால் சிந்தாதிரிப்பேட்டையில் எஸ்எம்பிஎஸ் மெலிகிறது. பொருளாதார அறிஞர்கள் அதிர்ச்சி உறிஞ்சி என்று எதையெதையோ சொல்கிறார்கள். அது கொட்டேஷனின் கடைசி வரியில் இருக்கிறது.

மேல் வரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்டெல் ப்ராசசர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் விலை குறையும்; உள்ளே கிராபிக்ஸ் இருக்காது, தனிக் கார்டு போடாமல் திரையில் ஒன்றும் வராது. பதினாறு ஜிபி ராம் ஒன்றைவிட எட்டு ஜிபி இரண்டு வேகம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறுவது மறுபிறவி. அதிலிருந்து என்விஎம்இக்கு மாறுவது அளவுகோலில் ஆறு மடங்கு, வீட்டு வேலையில் கொட்டாவி விடும் நேரம். 1 டிபி வாங்கினால் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும். யாரும் திருடவில்லை, ஒருவர் ஆயிரத்தால் எண்ணுகிறார், மற்றவர் 1024-ஆல். போர்டில் மட்டும் ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம். 2015-இல் வந்த இன்டெல் சாக்கெட்டும் 2017-இல் வந்ததும் முள் எண்ணிக்கையில் ஒன்றே, ஆனால் ப்ராசசரை மாற்றிப் போட முடியாது. ஏஎம்டியின் ஏஎம்4-இலோ 2017-இன் போர்டுகள் பலவற்றில் பயாஸைப் புதுப்பித்தால் 2020 கடைசியில் வந்த ப்ராசசரும் ஓடும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு அது பெரிய கருணை.

மிச்சக் கோட்பாடு இத்தனை காலம் கண்டுபிடிக்கப்படாமல் இருந்ததற்குக் காரணம், குற்றவாளி பிடிபடாததுதான். விளையாட்டு நடுவில் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுகிறது. முதல் சந்தேகம் வைரஸ். அடுத்தது விண்டோஸ், அதை மாற்றிப் போடுகிறார்கள். பிறகு தெருமுனை சர்வீஸ் அண்ணன் ராமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் தங்க முனைகளைத் தேய்த்து மாட்டுகிறார். சில நாள் சரியாக ஓடும். ஏன் என்றால், அந்தச் சில நாளும் பரீட்சை.

மாற்றுக் கருத்துடைய ஒரு பள்ளியும் உண்டு. புதிதாகவே வாங்காதே என்பது அவர்கள் வாதம்: 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது, விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்பதில்லை, ஆபீஸ்கள் கழித்த ஆறு, ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன, எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றினால் படிப்புக்குப் போதும். மறுப்பதற்கில்லை. அந்தப் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் நேர்மையான எஸ்எம்பிஎஸ்ஸும்கூட. ஆனால் அளவும் இணைப்பும் அந்தந்தக் கம்பெனிக்கே உரியவை, பெரிய கார்டுக்கு வயரும் இருக்காது. தவிர 'டெஸ்டிங் வாரண்டி' என்று ஒன்று தருவார்கள். கடையில் ஆன் செய்து காட்டும்வரை அது செல்லும்.

ஆய்வின் முடிவாக ஒரு பரிந்துரை வைக்கப்பட்டது: கொட்டேஷனைத் தலைகீழாக எழுத வேண்டும். முதல் வரியில் எஸ்எம்பிஎஸ், பிறகு போர்டு, ராம், ப்ராசசர், கார்டு, மிஞ்சுவதில் கேபினெட். கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சோதித்தபோது அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"சார், அப்ப கேபினெட்டு தகரம்தான் வரும். லைட் வராது. பசங்க ஒத்துக்க மாட்டாங்க."

"எஸ்எம்பிஎஸ் நல்லதா இருக்குமே."

"அதை யாரு சார் பாக்குறா?" கொஞ்சம் யோசித்தார். "வேணும்னா எஸ்எம்பிஎஸ்லயே லைட் எரியுற மாடல் ஒண்ணு இருக்கு."

பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். பெட்டியைத் திருப்பி, பன்னிரண்டு வோல்ட்டுக்கு எத்தனை ஆம்ப் என்று தேடினேன். எத்தனை நிறம் என்பது மட்டும் போட்டிருந்தது.