எடுத்தாச்சா?

2005-க்கும் 2012-க்கும் இடையில் எடுத்த குடும்பப் படங்களைப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே முகம். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வாய் லேசாகத் திறந்திருக்கும், புருவம் ஏறியிருக்கும், தலை கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும். “எடுத்தாச்சா?” என்று கேட்கிற முகம் அது. ஒன்பது ரசங்களோடு பத்தாவதாக இதையும் நமக்குச் சேர்த்துக் கொடுத்தது, சட்டைப் பைக்குள் அடங்குகிற அந்தச் சின்ன டிஜிட்டல் கேமராதான்.

எங்கள் வீட்டுக்கு அது சிங்கப்பூரிலிருந்து சித்தப்பாவோடு வந்து இறங்கியது. வெள்ளி நிறம், 7 மெகாபிக்சல், 3 மடங்கு ஜூம், 1 ஜிபி கார்டு. அதுவரை படம் எடுப்பது எங்களிடம் ரேஷன் முறையில் நடந்து வந்தது. ஒரு ரோலில் 36 படம்தான். சம்பந்தி வீட்டாருக்கு முதல் மரியாதை, பெரியப்பா குடும்பத்துக்கு அடுத்தது, பொடியன்கள் ஓரத்தில் நின்று பாதி முகம் விழுந்தாலே லாபம். கார்டு வந்ததும் ரேஷன் ஒழிந்தது. பந்தியில் சாம்பார் வாளிக்குக்கூடத் தனிப்படம் கிடைத்தது.

கூடவே வந்த கையேட்டில் ஒரு முக்கியமான சங்கதி இருந்தது. பொத்தானை முதலில் பாதி அழுத்த வேண்டும். லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து, எங்கே உருவம் கூர்மையாகத் தெரிகிறது என்று தேடிப் பிடிக்கும். பச்சைக் கட்டம் வந்ததும் மீதியை அழுத்தினால் உடனே படம் விழும். ஒரேயடியாக அழுத்தினால், தேடல் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் அது நிதானமாகவே தேடும்.

எதையும் பாதி செய்வது எங்கள் அத்தைக்குப் பழக்கமில்லை. கேமரா கைக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுப் பலத்தோடு ஒரே அழுத்து. கேமரா யோசிக்கும். எதிரே வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பைத் தாங்கிப் பிடிப்பார்கள். ஆனால் வரவழைத்த சிரிப்புக்கு ஆயுசு குறைச்சல். அது உதிர்ந்துபோய், “எடுத்தாச்சா அத்தை?” என்று வாய் திறக்கும் நேரம் பார்த்துக் கேமரா தன் தேடலை முடித்துக்கொள்ளும்.

சரித்திரத்தைப் பார்த்தால் இந்தத் தாமதம் கேமராவுக்குப் பிறவிக் குணம். 1975-இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவின் எடை சுமார் 3.6 கிலோ. 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. “எடுத்தாச்சா?” என்ற கேள்வி உலகத்தில் முதன்முதலாக அந்த ஆய்வகத்தில்தான் கேட்டிருக்க வேண்டும், ஆங்கிலத்தில்.

தாமதம் போதாதென்று கண் சிவப்பைப் போக்கும் வசதி ஒன்று. இருட்டில் கண்மணி அகலமாக விரிந்திருக்கும். சின்னக் கேமராவில் ஃப்ளாஷ் லென்ஸுக்கு அண்டை வீடு. அதனால் அந்த ஒளி கண்ணின் பின்சுவர் வரை போய், அங்குள்ள ரத்தத்தின் சிவப்போடு நேரே லென்ஸுக்குத் திரும்பி வருகிறது. படத்தில் மாப்பிள்ளை அம்மன் பட வில்லன் மாதிரி இருப்பார். இதற்கு மருந்தாக, முதலில் ஒருமுறை வெளிச்சம் அடித்துக் கண்மணியைச் சுருங்க வைத்துவிட்டு, அடுத்த ஃப்ளாஷில் படம் எடுக்கிறார்கள். பிரமாதமான யோசனைதான். ஆனால் முதல் வெளிச்சத்திலேயே எங்கள் குடும்பம் கலைந்து பந்திக்குக் கிளம்பிவிடும். இரண்டாவது ஃப்ளாஷில் விழுந்தவை முதுகுகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும். ஒன்றில்கூடச் சிவப்புக் கண் கிடையாது.

அடுத்தது காட்சி வகைகள். வாணவேடிக்கை, கடற்கரை, சூரிய அஸ்தமனம், பனி. மதுரையில் பனிக்கு எங்கே போவது என்று ரொம்ப நாள் கேலி பேசிக்கொண்டிருந்தோம். கேமராவின் வெளிச்சக் கணக்கு விசித்திரமானது. எதிரே இருப்பது எதுவானாலும் அதன் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும் என்று அது நம்புகிறது. சட்டம் முழுக்க வெள்ளை நிறைந்தால் ஒளி மிஞ்சிவிட்டதாக எண்ணிக் குறைத்துவிடும். பனி சாம்பலாகிவிடும். பனி வகையில் வைத்தால் அந்தக் குறைப்பை ஈடுகட்டும். அரசரடியில் நடந்த ஒரு கல்யாணத்தில் தாய்மாமன்கள் பதினைந்து பேர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வரிசை கட்டி நின்றபோதுதான் அதன் அருமை விளங்கியது. சாதாரண வகையில் எடுத்ததில் எல்லா வேட்டியும் அழுக்கு. சித்தப்பா பனியில் வைத்து எடுத்தார். வேட்டிகள் சலவைக்குப் போய்வந்தன, முகங்களுக்கும் வெளிச்சம் கிடைத்தது. ஆல்ப்ஸ் மலைக்காகப் போட்ட கணக்கு தாய்மாமன்களுக்கும் சரியாக வந்தது.

2007-இல் சோனி, சிரிப்பைக் கண்டதும் தானே படம் எடுத்துக்கொள்ளும் வசதியைச் சைபர்ஷாட் கேமராக்களில் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். எங்கள் அடுத்த கேமராவில் இது இருந்தது. பெரியப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவர் சிரித்தால்தான் படம் என்றால் கேமராவுக்குப் பேட்டரி போதாது. அவரை மண்டப வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். கேமரா திடீரென்று சடசடவென எடுக்க ஆரம்பித்தது. பெரியப்பா இறுகிய முகத்தோடு அப்படியேதான் நின்றார். அவருக்குப் பின்னால் வரவேற்பு ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளையின் நண்பர்கள் வட்ட வட்டமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அச்சடித்த முகத்துக்கும் அசல் முகத்துக்கும் கேமரா வித்தியாசம் பார்க்கவில்லை.

கடைக்காரர்கள் பேசியதெல்லாம் மெகாபிக்சல் பாஷை. “சார், அது பத்து, இது பதினாலு.” இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் சுமார் 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர்தான். பழைய பிலிம் சட்டத்தின் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. அதே ஐந்து சென்ட் நிலத்தில் பத்து மனை போட்டாலும் பதினாலு மனை போட்டாலும் நிலம் கூடுவதில்லை, வீடுதான் நெருக்குகிறது. புள்ளி சிறுத்தால் அதில் விழும் வெளிச்சமும் குறையும். அதனால்தான் ராத்திரியில் எடுத்த சித்திரைத் திருவிழாப் படங்களில் வானம் முழுக்க ரவை கொட்டிக் கிடந்தது.

எங்கள் குடும்ப வரலாற்றில் கேமரா செய்த பெரிய குழப்பம் தேதி. பேட்டரியை நெடுநாள் கழற்றி வைத்தால் உள்ளேயிருக்கும் கடிகாரம் தன் பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும். ஆரஞ்சு எழுத்தில் 01.01.2006 என்று மூலையில் விழும். அந்தக் கணக்கில் ஒரே நாளில் அக்கா மகளுக்குக் காது குத்தினோம், புதுவீட்டில் பால் காய்ச்சினோம், தாத்தாவுக்குச் சதாபிஷேகமும் செய்தோம். நடுவில் கொடைக்கானலும் போய்வந்திருக்கிறோம்.

பிறகு செல்போன் வந்தது. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில், 2010-இல் உலகெங்கும் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-இல் அது 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. இன்றைய போன்கள் பல, நாம் பொத்தானைத் தொடும் முன்பே சட்டங்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு, தொட்ட கணத்துக்கு உரியதை எடுத்துத் தருகின்றன. யாரும் “எடுத்தாச்சா?” என்று கேட்பதில்லை. ஒவ்வொரு படத்திலும் ஒத்திகை பார்த்த அதே சிரிப்பு, அதே கோணம். ஆள் மாறினாலும் முகம் மாறுவதில்லை.

காது குத்திய அந்த அக்கா மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். “மாமா, அந்தப் பழைய டிஜிகேம் இருக்கா?” என்று வந்து நின்றாள். முகத்தை வெளுக்கிற ஃப்ளாஷும் சுவரில் விழுகிற கறுப்பு நிழலும்தான் இப்போது ஃபேஷனாம். அதே ஆசையில் பழைய கேமரா தேடுகிறவர்களுக்கு என் பங்குக்குச் சில வார்த்தைகள். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸ் முனகாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா என்று பாருங்கள். மிகப் பழைய கேமராக்கள் பல 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டை ஏறெடுத்தும் பார்க்காது. எக்ஸ்டி கார்டு போடுகிற வகை என்றால், கார்டையும் சேர்த்துக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

கேமராவை எடுத்துக்கொண்டு போனவள் ஒரு வாரத்தில் முகம் வாடித் திரும்பினாள். யாரோ அவளுக்குப் பாதி அழுத்தும் வித்தையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எல்லாப் படமும் சரியான நேரத்தில், சரியான சிரிப்போடு, செல்போனில் எடுத்தது மாதிரியே இருந்தது. நான் அவளை அத்தையிடம் அனுப்பினேன்.

இப்போது அவள் தோழிகள் மத்தியில் அத்தைக்குத் தனி மவுசு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஒரு சுற்றுப் படத்துக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி கூலி. அத்தை இன்னும் பாதி அழுத்தக் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொடுக்க யாராவது கிளம்பினால், வாசலிலேயே மடக்கிப் பந்திக்கு அனுப்பிவிடுகிறோம்.