செத்த கம்பெனிக்கு மாதச் சந்தா

நாலு பேர் கூடுகிற இடத்தில் என் மனைவி என்னை அறிமுகப்படுத்துகிற விதமே தனி. "இவரு பேங்க்ல இருக்காரு" என்று கௌரவமாக ஆரம்பித்து, "மூடின கம்பெனிக்கு மாசாமாசம் பணம் கட்டுறாரு" என்று முடிப்பாள். கேட்கிறவர்கள், ஏதோ சீட்டுக் கம்பெனியில் மாட்டிக்கொண்டேன் போலிருக்கிறது என்று உச்சுக் கொட்டுவார்கள். சீட்டுக் கம்பெனியில் ஏமாந்தவனுக்காவது ஒரு சங்கம் இருக்கிறது, கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார இடம் இருக்கிறது. எனக்கு இருப்பதெல்லாம் இடது மணிக்கட்டில் ஒரு பெபிள்.

பெபிள் என்றால் என்னவென்று கேட்கிற வயதுக்காரராக நீங்கள் இருந்தால் கொஞ்சம் உட்காருங்கள், சரித்திரம் சொல்கிறேன். என் மகனிடம் ஆரம்பித்தபோது அவன் எழுந்து போய்விட்டான். 2012 ஏப்ரலில் எரிக் மிஜிகோவ்ஸ்கி என்ற கனடா நாட்டு இளைஞர் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் துண்டை விரித்தார். ஃபோனுக்கு வருகிற செய்தியை மணிக்கட்டிலேயே காட்டும் கடிகாரம் ஒன்று செய்ய வேண்டும், 1 லட்சம் டாலர் கிடைத்தால் போதும் என்றார். 68,929 பேர் சேர்ந்து 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு மேல் போட்டுவிட்டார்கள். அந்தத் தளத்தில் அதுவரை யாருக்கும் அவ்வளவு விழுந்ததில்லை. கடிகாரம் 2013 ஜனவரியில் வெளியே வர ஆரம்பித்தது. அடுத்த வருஷம் நியூஜெர்சியிலிருந்து லீவுக்கு வந்த என் மைத்துனன், அக்காவுக்கு ஒரு கைப்பை, பையனுக்குச் சாக்லேட், எனக்கு இது என்று கொண்டுவந்து கொடுத்தான்.

அப்போது என் மணிக்கட்டுக்கு ஒரு மரியாதை இருந்தது. ஆப்பிள்காரர்களின் கடிகாரமே 2015 ஏப்ரலில்தான் கடைக்கு வந்தது. அதுவரை எங்கள் கிளைக்கு வந்த வாடிக்கையாளர்கள் பாஸ்புக்கை நீட்டிவிட்டு என் கையைத்தான் பார்த்தார்கள். மேனேஜர்கூட என்னைக் கூப்பிட்டு, "உட்காருங்க சார், அதைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதலும் கடைசியும்.

அதில் அப்படி என்ன இருக்கிறது என்கிறீர்களா? கறுப்பு வெள்ளைத் திரை. எந்நேரமும் மணி தெரியும். வெயிலில் இன்னும் பளிச்சென்று தெரியும். திருச்சிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? வலப்பக்கம் மூன்று பொத்தான், இடப்பக்கம் ஒன்று. திரையில் விரல் வைத்துத் தேய்க்கிற ஜோலியே கிடையாது. புதிதில் ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு வாரத்துக்குக் கிட்டத்தட்ட வந்தது. என் மகனுடைய கடிகாரம் இதயத்துடிப்பு சொல்லும், ரத்தத்தில் ஆக்சிஜன் சொல்லும், ராத்திரி எவ்வளவு ஆழமாகத் தூங்கினான் என்றுகூடச் சொல்லுமாம். ஆனால் ராத்திரியெல்லாம் அது சார்ஜில் கிடக்கும். ஆகவே அவன் எத்தனை மணிக்குத் தூங்கினான் என்பது இன்றுவரை எனக்கு மட்டும்தான் தெரியும்.

2016 டிசம்பர் 7-ம் தேதி கம்பெனியை மூடுவதாக அறிவித்தார்கள். மென்பொருளையும் காப்புரிமைகளையும் ஃபிட்பிட் வாங்கிக்கொண்டது, கடிகாரங்களை வாங்கிக்கொள்ளவில்லை. வரப்போகிற புது மாடலுக்கு முன்பணம் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பப் போனது. எனக்கு வந்தது மைத்துனனின் ஃபோன். "அத்தான், கேள்விப்பட்டீங்களா?" என்று அவன் ஆரம்பித்த தொனியில் நான் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவன் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அப்பாடா" என்றாள்.

அதற்கும் ஒன்றரை வருஷம் கழித்து, 2018 ஜூன் 30-ம் தேதியோடு சர்வர்களும் நின்றன. சர்வர் நின்றால் கடிகாரம் நின்றுவிடாது. மணி காட்டும், ஃபோன் வந்தால் கையைக் குலுக்கும். புது முகப்பு இறக்க முடியாது, வானிலை வராது, அவ்வளவுதான். இதை வீட்டில் விளக்கினேன். "அப்ப வெறும் வாட்ச் ஆயிடுச்சு. எங்கப்பா உங்களுக்குப் போட்ட எச்எம்டியும் வெறும் வாட்ச்தான். அதை எடுத்துக் கட்டுங்க" என்றாள். அந்த எச்எம்டி கடிகாரக் கம்பெனியையும் மூடுவதற்கு 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது என்பதை நான் எடுத்துச் சொன்னேன். வாழ்க்கையில் ஒருமுறையாவது வாதத்தில் ஜெயித்துவிட்டோம் என்று ஒரு விநாடி தோன்றியது. "மூடினா என்ன? சாவி கொடுத்தா ஓடுது" என்றாள்.

அத்தோடு பெபிளைக் கழற்றி வைத்திருப்பேன். விடவில்லை. யார் விடவில்லை என்றால், முகம் தெரியாத சிலர். பெபிளிலேயே முன்பு வேலை பார்த்த கேத்தரின் பெரி போன்றவர்கள் சேர்ந்து 'ரெபிள்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பெபிளின் செயலிக் கடையில் இருந்ததையெல்லாம் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, பழைய சர்வர் நின்றதும் தங்கள் சர்வரைத் திறந்துவிட்டார்கள். முகப்புகளும் செயலிகளும் இலவசம். குரலை எழுத்தாக்குவதற்கும் வானிலைக்கும் மாதம் 3 டாலர் சந்தா. அவற்றுக்கு அவர்களும் வெளியே பணம் கொடுக்க வேண்டியிருக்கிறதே! என் கடிகாரத்தில் மைக் கிடையாது. ஆகக்கூடி நான் மாதம் 3 டாலர் கொடுத்துத் தெரிந்துகொள்கிற செய்தி, திருச்சியில் வெயில் அடிக்கிறது என்பதுதான்.

இது யாருக்கும் தெரியாமல்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் கார்டிலிருந்து பணம் போனால் குறுஞ்செய்தி வருகிற நம்பர் வீட்டம்மாவுடையது. பேங்கில் இருக்கிறவன் இதை யோசித்திருக்க வேண்டாமா என்று கேட்காதீர்கள். வீட்டில் கேட்டாகிவிட்டது.

இந்தக் கடிகாரத்தில் இன்னொரு தொல்லை உண்டு, கட்டங்கள். என் கடிகாரத்துக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தமிழில் ஒரு செய்தி வந்தால் எழுத்துக்குப் பதில் சின்னச் சின்னக் காலிக் கட்டங்களாக நிற்கும். கொம்புக்குத் தனிக் கட்டம், காலுக்குத் தனிக் கட்டம், புள்ளிக்கும் தனிக் கட்டம். என் மனைவியோ தமிழில் மட்டும்தான் எழுதுவாள். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பது அவளுக்குப் பிடிக்காது, அந்த விஷயத்தில் நானும் அவள் கட்சிதான். ஃபோனை எடுத்துப் பார்த்தால் ஒழுங்காகத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஃபோனை எடுத்துப் பார்ப்பதாக இருந்தால் கையில் எதற்கு இந்தக் கடிகாரம்? எனவே கட்டங்களை வைத்தே படிக்கப் பழகினேன். கட்டம் குறைவாக இருந்தால் வாங்கிவரச் சொல்கிறாள். திரை நிறையக் கட்டமாக இருந்தால் நான் ஏதோ செய்திருக்கிறேன். கட்டமே வராமல் நாள் முழுக்க அமைதியாக இருந்தால் ரொம்பப் பெரிதாகச் செய்திருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் நாலு கட்டம் வந்தது. 'பால்' என்று எண்ணி ஒரு லிட்டர் வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் காலி சிலிண்டரோடு நின்றுகொண்டிருந்தாள். 'கேஸ்' என்பதற்கும் நாலு கட்டம்தான்.

இதைவிட வில்லங்கம் அந்த ரெடிமேட் பதில். செய்தி வந்ததும் பொத்தானை அழுத்தினால் கடிகாரத்தில் ஏற்கெனவே எழுதி வைத்த பதில்கள் வரிசையாக வரும். எனக்கு எப்போதும் கை போவது 'ஓகே'யில். ஒருநாள் ஆடிட்டர் எதிரே உட்கார்ந்து பழைய வவுச்சர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது கை குலுங்கியது. நாலைந்து திரைக்குக் கட்டம். இவ்வளவு நீளமாக வந்தால் சமாதானம்தான் நல்லது என்று ஓகேயை அழுத்தினேன். வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கைகொடுக்கிறார்கள். குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் பொருளாளர் ஆகச் சம்மதமா என்று கேட்டு, சங்கத் தலைவர் சொன்னதையெல்லாம் அவள் எழுதியிருந்திருக்கிறாள். ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பிற்பாடு விசாரித்தேன். "மூடின கம்பெனிக்கே மாசம் தவறாம கட்டுறவரு, நம்ம பணத்துல தப்பு வருமா?" என்று தலைவர் சொன்னாராம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகச் சந்தா வசூல் செய்கிறேன். யாரும் தருவதில்லை. சங்கம் என்ன செய்கிறது என்று கேட்கிறார்கள்.

பேட்டரி விஷயத்துக்கு வந்தால், பத்து வயதில் அதன் உயிர் காலையில் ஏற்றினால் மத்தியானச் சாப்பாட்டோடு சரி என்று ஆகிவிட்டது. முதலில் பெரியகடை வீதியில் ஒரு வயதான கடிகாரக்காரரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுக்குத் திருகும் இல்ல, மூடியும் இல்ல. இது வாட்ச் இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உண்மைதான், கண்ணாடியை ஒட்டிவிட்டார்கள், திறக்கிற வழியே வைக்கவில்லை. அடுத்து சிங்காரத்தோப்பில் மொபைல் சர்வீஸ் கடை. அங்கிருந்த பையன் வாங்கிப் பார்த்து, "அங்கிள், ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனான். ஸ்பேர் பார்ட்ஸ் எடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். மற்ற இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தான், பார்ப்பதற்கு. மூன்று பேரும் அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். என்னை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

ஆனால் கைகாரப் பையன். ஹீட் கன்னால் சூடு காட்டி, மெல்லிய தகட்டை விட்டு நெம்பி, கண்ணாடியைக் கழற்றி, ஏதோ ஒரு புளூடூத் ஹெட்செட்டின் குட்டி பேட்டரியை உள்ளே பற்றவைத்து, பி-7000 பசை போட்டு மூடி, ரப்பர் பேண்டைச் சுற்றிக் கொடுத்தான். "தண்ணி மட்டும் படக்கூடாது அங்கிள்" என்றான். ஐம்பது மீட்டர் ஆழம் தாங்கும் என்று பேர்பெற்ற கடிகாரம் இப்போது நான் முகம் கழுவும்போது ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருக்கும். காந்தத்தில் ஒட்டிக்கொள்கிற அதன் சார்ஜர் கேபிள் எங்கேயும் சுலபத்தில் கிடைக்காது என்பதால் அது பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்கும் மாமியாரின் காசுமாலைக்கும் நடுவில் இருக்கிறது. சார்ஜ் போட வேண்டுமானால் சாவி கேட்க வேண்டும். கேட்டால், "எதுக்கு?" என்பார்கள்.

பிறகு ஒரு தீபாவளிக்கு மகன் புது ஃபோன் வாங்கிக் கொடுத்தான். அதில் பெபிள் செயலி ஏறவே மாட்டேன் என்றது. ஆண்ட்ராய்ட் ஃபோன்கள் 32 பிட் செயலிகளைக் கைவிட ஆரம்பித்திருந்தன. பெபிள் செயலியோ அந்தக் காலத்து 32 பிட். பையனுக்கு முகத்தில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. "அவ்வளவுதாம்ப்பா, ஒண்ணும் செய்ய முடியாது" என்றான். நானும் மனதைத் தேற்றிக்கொண்டுதான் தேடினேன். பார்த்தால், கம்பெனி போய் ஆறு வருஷம் ஆகும் நேரத்தில், 2022 அக்டோபரில், அந்தச் செயலிக்கு 64 பிட்டில் புதுப் பதிப்பு வந்திருக்கிறது! அதையும் செய்தது அதே கேத்தரின் பெரி. அப்போது கூகுளில் வேலை. ஃபிட்பிட்டைக் கூகுள் வாங்கியதில் பெபிளின் மிச்சமும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தது. சத்தமில்லாமல் இறக்கி ஏற்றினேன். கை குலுங்கியது. மனைவி அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுக்களையிலிருந்தே, "மறுபடியுமா?" என்றாள்.

இதெல்லாம் போகட்டும். 2025 ஜனவரியில் கூகுள் பெபிள் மென்பொருளின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. எரிக் மிஜிகோவ்ஸ்கி மறுபடியும் கடிகாரம் செய்யப் போகிறேன் என்று கிளம்பினார். அந்த வருஷ நடுவில் பழைய பெயரும் அவர் கைக்குத் திரும்பியது. 149 டாலருக்கு பெபிள் 2 டுவோ, அதே கறுப்பு வெள்ளைத் திரை, அதே நாலு பொத்தான், ஒரு சார்ஜில் 30 நாள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். நான் இதை வீட்டில் சபை கூட்டி அறிவித்தேன். மாமியார்தான் முதலில் வாய் திறந்தார். "கம்பெனி திரும்ப வந்துடுச்சுன்னா நல்லதாப் போச்சு மாப்ள, இதைக் கொண்டுபோய்க் குடுத்து ரிப்பேர் பண்ணிக்கலாமே" என்றார். மகன் எழுந்து போய்விட்டான். மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. புதிது வந்தால் பழையது ஒழியுமே என்று கணக்குப் போடுகிறாள் என்று புரிந்தது. புதுக் கடிகாரத்துக்கான செயலியில் பழைய கடிகாரமும் ஓடும் என்பதை அந்த நேரத்தில் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பேங்கிலிருந்து அவளுக்கு எழுதினேன்: 'தம்பிகிட்ட சொல்லி புதுசு ஒண்ணு வாங்கி வரச் சொல்லட்டுமா?' கொஞ்ச நேரம் கழித்துக் கை குலுங்கியது. மூன்றே மூன்று கட்டம். 'சரி' என்று எழுதினால் மூன்று கட்டம் வரும். 'ஐயோ' என்று எழுதினாலும் மூன்று கட்டம்தான் வரும். ஃபோன் மேஜை இழுப்பறையில், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் தொடாமல் ஓகேயை அழுத்திவிட்டு, நியூஜெர்சியில் இப்போது மணி என்ன இருக்கும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.