மாஸ்டர் எழுதிக் குடுத்த 24

வாடா தம்பி, உக்காரு. பசியாறிட்டியா? கையில என்ன காகிதம்? ஓ, நம்பர் மாஸ்டர் குடுத்ததா! கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்த '24 யோக வரிசை'யா? 50 வெள்ளியா? அடேங்கப்பா! அந்தக் காசுக்குப் புக்கிட் ரோத்தான்ல குடும்பமே வாழையிலை போட்டுச் சாப்பிட்டிருக்கும்.

நம்பர் எங்க புடிச்ச? ஈஜோக் பக்கம் லோரியில மோதின காடியோட நம்பரா? 3771. அடிபட்டவன் ஆஸ்பத்திரில கெடக்கான். நீ ப்ளேட்டைப் படம் புடிச்சுக்கிட்டு வந்திருக்க. சாமர்த்தியசாலிதான்.

உன்னைச் சொல்லி என்ன. 1969ல மேக்னம்காரங்க நாலு நம்பர் குலுக்கல் ஆரம்பிச்ச நாள்லேருந்து தோட்டத்துல கனா கண்டாலும் நம்பர், பாம்பைப் பாத்தாலும் நம்பர். அதுக்கு முந்தியே, 1951ல கெடாவுல ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் தன் சைக்கிளைக் குலுக்கல்ல விட்டானாம், அதுலேருந்துதான் இதெல்லாம் மொளைச்சுதுன்னு ஒரு கதை உண்டு. சைக்கிளோட நின்னுருக்கக் கூடாதா?

சரி, காகிதத்தைக் குடு. கண்ணாடி எங்க... ஆங். முதல் வரிசை 3771. ரெண்டாவது 3717. மூணாவது மறுபடியும் 3771. என்னடா இது, மாஸ்டருக்கு விக்கலா? நாலாவது 3173... இல்ல, 3177. கீழ பாரு, இன்னொரு 3177. ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை வந்திருக்கே!

இதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? நாலு நம்பரும் வேற வேறயா இருந்தா, தலையில யாரை வேணா நிறுத்தலாம், நாலு விதம். அடுத்த எடத்துக்கு மிச்சம் மூணு பேரு. அதுக்கடுத்து ரெண்டு. கடைசி ஆளு தானா வந்து நிப்பான். நாலு மூணு பன்னெண்டு, பன்னெண்டு ரெண்டு இருபத்தி நாலு. அவ்ளோதான் வித்தை.

ஆனா உன் நம்பர்ல ரெண்டு ஏழு இருக்குல்ல? இரட்டைப் புள்ளைக ஒரே சட்டை போட்டுக்கிட்டு பெரட்டுல நிக்குதுங்க. ரெண்டும் எடம் மாறி நின்னா கிராணி புஸ்தகத்துல என்ன மாறிடப் போவுது? அப்ப 24ல பாதி, 12தான் கணக்கு. மூணு நம்பர் ஒண்ணா இருந்தா நாலே வரிசை. 7777ன்னா எப்படிப் பொரட்டினாலும் ஒண்ணுதான். இது கம்ப்யூட்டருக்குத் தெரியும்டா. மாஸ்டருக்குத்தான் தெரியல. இல்ல, தெரிஞ்சே 24ன்னு போட்டாரா? 12ன்னு போட்டா 50 வெள்ளி கேக்க வாய் வராதுல்ல.

என்ன, 24 வெள்ளி கட்டி எல்லா வரிசையும் எடுத்துட்டியா? அப்ப 12 நம்பருக்கு ரெண்டு ரெண்டு வெள்ளி வச்சிருக்க. விழுந்தா ரெண்டு பங்குன்னு பல்லைக் காட்டாத. 0000லேருந்து 9999 வரைக்கும் 10,000 நம்பர். பரிசு 23. உன் பன்னெண்டுல ஒண்ணு விழ, சராசரியா 36 குலுக்கலாவது ஆவும். புதன், சனி, ஞாயிறுன்னு விடாம வச்சாலும் 12 வாரம். 864 வெள்ளி போயிருக்கும். அந்த 23ல 20 பரிசு சின்னது, ஒரு வெள்ளிக்கு 180 இல்லேன்னா 60. கூட்டிப் பாரு. நீ ரெண்டு வெள்ளி வச்சதுக்கு 360, இல்லேன்னா 120. அன்னிக்கும் பட்டாசு வெடிப்பே, தெரியும்.

அந்த 10,000 நம்பருக்கும், 23 பரிசும் உள்ள 'பெரிசு' ஆட்டத்துல, ஆளுக்கு ஒரு வெள்ளி வச்சா என்ன வரும் தெரியுமா? முதல் பரிசு 2,500, அடுத்தது 1,000, மூணாவது 500, பத்துக்கு 180, பத்துக்கு 60. மொத்தம் 6,400. கட்டினது 10,000. யோகம் யாருக்குன்னு இப்பப் புரியுதா? 1917ல இங்க தென்னமரம் தோட்டத்துல செம்பனை நட்டானே துரை, அவன் மரத்தை எண்ணினான்டா. காடி நம்பரை எண்ணல.

ஒரே டிக்கெட்டுல எல்லா வரிசையும் வர்ற மாதிரியும் எடுக்கலாம்ங்கிறியா? எடுக்கலாமே. பரிசையும் அதே மாதிரி வகுந்துதான் குடுப்பான். 24 வரிசைக்கு ஒரு வெள்ளி வச்சா முதல் பரிசே நூத்திச் சொச்சம்தான்.

மூஞ்சியத் தொங்கப் போடாத. கோப்பி வருது, குடி. குடிச்சுட்டு மோட்டாரை எடு. பாதி வரிசைதானே குடுத்தாரு, 25 வெள்ளியைத் திருப்பிக் கேட்டுட்டு வருவோம். நானும் பின்னாடி ஏறிக்கிறேன். மாஸ்டர் அந்த 25ஐ எப்படிப் பொரட்டிப் பேசுறாருன்னு பாக்கணும்.