புளியங்கொட்டைப் பொருளியல்: வீட்டுப் போக்கரில் பந்தயப் பொருள் குறித்த ஓர் ஆராய்ச்சி

டெக்சஸ் ஹோல்டெம் என்னும் போக்கர் வகை, விடுமுறை நாள்களில் சில தமிழ்க் குடும்பங்களின் கூடத்துக்குள்ளும் வந்துவிட்டது. சீட்டுக்கட்டு உண்டு, டீலர் உண்டு, பச்சைக் கம்பளி போர்த்திய மேசைக்குப் பதில் கோரைப்பாய் உண்டு. இல்லாதது சூதாட்ட விடுதியின் வண்ண வில்லைகள் மட்டுமே. அவற்றின் இடத்தைப் புளியங்கொட்டை பிடித்துக்கொண்டது. இது வெறும் சிக்கன ஏற்பாடு என்பார் பலர். அற்றன்று. பந்தயப் பொருள் மாறினால் ஆட்டமே மாறிவிடும் என்பதும், வீட்டுக்குப் பொருந்தும் பந்தயப் பொருள் ஒன்றே ஒன்றுதான் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஹோல்டெமில் ஒருவர் கைக்கு முதலில் வருவன இரண்டு சீட்டுகள். 52 சீட்டுகளில் அவை 1,326 விதமாக அமையலாம். அவற்றுள் ஜோடி சேர்வன 78, இரண்டும் ஆசாக அமைவன வெறும் 6. ஆகவே நல்ல கை என்பது அபூர்வம். பெரும்பாலான நேரம் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவதே அறிவுடைமை. ஒதுங்க வேண்டியவர் ஒதுங்காமல் பந்தயத்தை ஏற்றி, எதிராளியை ஒதுங்கவைப்பது உதார். ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னும் 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்குத் தனி இடமே கொடுத்து, அவ்வப்போது உதார் விடுவது குணக்கேடன்று, கணிதப்படி சரியான உத்தி என்று நிறுவினார்கள். ஆனால் உதார் எடுபட எதிரே அஞ்சுவதற்கு ஓர் ஆள் வேண்டும். கையில் ஏழும் இரண்டும் வைத்திருக்கும் தாத்தா, "அப்படி என்னதான் வச்சிருக்கே, பாத்துடலாமே" என்று முப்பது புளியங்கொட்டையை உள்ளங்கை விளிம்பால் தள்ளிவிடும்போது அந்த அச்சம் அங்கே இல்லை. தீர்ந்தால் அடுக்களை டப்பாவிலிருந்து இன்னொரு பிடி வரும். வரம்பின்றி அச்சடித்த நோட்டின் கதி அதற்கும் நேர்கிறது. ஒருவரும் ஒதுங்காமல் கடைசிச் சீட்டுவரை உட்கார்ந்திருக்கும் ஆட்டம் குலுக்கல் பரிசாகுமே அன்றிப் போக்கர் ஆகாது.

அஃதேல், போக்கர் திறமை ஆட்டம் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே கூறியிருக்க, பந்தயப் பொருள் எதுவானால் என்ன எனின், அத்திறமை எங்கே குடியிருக்கிறது என்று கேட்க வேண்டும். எப்போது விலகுவது, எப்போது ஏற்றுவது என்னும் முடிவில்தான் அது இருக்கிறது. விலகாவிட்டாலும் நட்டமில்லை என்னும்போது அந்த முடிவுக்கே வேலையில்லை. அப்படியானால் காசையே வைக்கலாமே என்பார்க்கு, வள்ளுவர் சூது அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்திருப்பதைச் சுட்டினால் போதும்; மைத்துனரிடம் ஐந்நூறு ரூபாய் தோற்றவர் அடுத்த பொங்கலுக்கு வரமாட்டார். முந்திரிப்பருப்புக்கு மதிப்பு உண்டு, காசின் பகைமை இல்லை. ஆனால் பந்தயம் வைக்கும் கையே அதை வாய்க்கும் கொண்டுபோகிறது. மூன்றாம் சுற்றில் நடுவே கிடப்பது நான்கு பருப்பும் கொஞ்சம் உப்பும்தான்.

எஞ்சுவது வீட்டுவேலை. அதைத் தின்ன முடியாது, டப்பாவிலிருந்து அள்ளிக் கூட்ட முடியாது, தோற்றால் உறுதியாக வலிக்கும். அமெரிக்க விடுதிகளில் வழக்கமாக வெள்ளை வில்லை 1 டாலர், சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100. இதே வரிசையில் மோட்டார் போட்டு நிறுத்துவது வெள்ளை, மொட்டைமாடித் துணியை எடுத்து மடிப்பது சிவப்பு, இரவுப் பாத்திரம் துலக்குவது பச்சை, மாவாட்டிய கிரைண்டரைக் கல்லைத் தூக்கிக் கழுவுவது கறுப்பு என வகுக்கலாம். இரண்டு கறுப்பு வில்லை முன்னே தள்ளப்பட்டால் தாத்தாவும் தம் ஏழையும் இரண்டையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார். உதார் அங்கே உயிர்பெறும்.

இதற்குத் தடை ஒன்று உண்டு, அது வலியது. வீட்டின் எல்லா வேலையையும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் அம்மாவுக்கு இழக்க என்ன இருக்கிறது? தோற்றாலும் நாளைக் காலை அவர் செய்யப்போவது அதே வேலைதான். ஆகவே அவர் எந்தக் கைக்கும் அஞ்சாமல் ஏற்றுவார். கிரைண்டர் கல்லை வாழ்நாளில் தொடாத மற்றவர்கள் வரிசையாகக் கவிழ்ப்பார்கள். இத்தடைக்கு விடை போட்டி விதியிலேயே இருக்கிறது: போக்கர் போட்டிகளில் அனைவரும் சம அளவு வில்லைகளோடு தொடங்க வேண்டும். அதாவது, சீட்டைக் கலைக்கும் முன்பே வீட்டுவேலை முழுவதையும் பட்டியலிட்டு, தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுவிட வேண்டும். கோட்பாட்டளவில் இதில் குறை ஒன்றும் இல்லை. நடைமுறையில், பட்டியல் போடத் தாள் எடுத்தவுடன் ஒருவருக்குப் போன் வரும், ஒருவருக்குத் தூக்கம் வரும், மூன்றாமவர் புளியங்கொட்டை டப்பாவைத் தேடிப் போவார். புளியங்கொட்டை வீட்டுப் போக்கரில் நிலைத்திருப்பதற்கு ஒழுக்கமும் சிக்கனமும் காரணமாகச் சொல்லப்படுவது பிழை. அந்தப் பட்டியலை எழுதாமல் தப்பிக்க அதைவிட மலிவான வழி இல்லை என்பதே காரணம் என்க.