கண்ணாடியைக் கழற்றினால் நான் ரவிவர்மா

ஒரு அங்குல உயர மனிதனுக்குச் சட்டைப் பொத்தான் வைத்துக் காட்டுகிறேன் என்று எந்தச் சாமிக்கும் நான் வேண்டிக்கொண்டதில்லை. கல்யாணத்துக்கு முன்பு, பொம்மைச் சிப்பாய்களுக்கு வண்ணம் அடிப்பதை நானாகத்தான் ஆரம்பித்தேன். பிறகு வேலை, வீட்டுக் கடன், மகளின் டியூஷன் என்று ஒவ்வொன்றாக வந்ததில் என் வாட்டர்லூ போர் ஒரு ஷூ பெட்டிக்குள் பாதியில் நின்றுபோனது. 1815 ஜூன் 18 அன்று ஒரே நாளில் முடிந்த சண்டை அது. எங்கள் வீட்டுப் பரணில் மட்டும் நெப்போலியன் இன்னும் தோற்கவில்லை.

பரணைச் சுத்தம் செய்தபோது பெட்டி கீழே இறங்கியது. “இது வேணுமா, பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடவா?” என்றாள் மனைவி. அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் நான் மறுபடி பிரஷ்ஷைத் தொட்டிருக்கவே மாட்டேன். “இப்பத்தான் இதைப் பத்தி நெனைச்சுக்கிட்டிருந்தேன்” என்று கூசாமல் சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற உட்கார வேண்டியதாயிற்று.

பெயின்ட் சீசாக்களில் சிவப்பு ரப்பராகியிருந்தது, நீலம் கல்லாகியிருந்தது. வெள்ளை மட்டும் புத்தம்புதிதாக இருந்தது. அந்தக் காலத்திலேயே வீரர்களின் மார்பில் குறுக்கே ஓடும் வெள்ளைப் பட்டைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவன் நான்.

வீரர்கள் 1/72 அளவு. ஆறடி ஆள் இதில் இரண்டரை சென்டிமீட்டர். வளையும் பிளாஸ்டிக்கில் வார்த்தவர்கள். துப்பாக்கி முனையை விரலால் தட்டினால் அது வளையும். மேலே அடித்த பெயின்ட் வளையாது, செதில் செதிலாக உதிர்ந்துவிடும். அதனால் சோப்புத் தண்ணீரில் பிசுக்குப் போகக் கழுவி, பிரைமர் அடித்துவிட்டுத்தான் வண்ணத்துக்கே போக வேண்டும். பிரெஞ்சுக் காலாட்படை டீ வடிகட்டியில் குளித்த அன்று எங்கள் வீட்டில் மாலைக் காபிதான். வடிகட்டியை யாரும் விசாரிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நல்ல பிரஷ் என்றால் கொலின்ஸ்கி. சைபீரியாவில் திரியும், கீரி போன்ற ஒரு பிராணியின் வால்முடி. விக்டோரியா மகாராணி 1866இல் தனக்காகவே அப்படி ஒரு வரிசையைச் செய்யச் சொன்னார்; வின்சர் அண்டு நியூட்டன் கம்பெனி அதை இன்றும் ‘சீரிஸ் 7’ என்று விற்கிறது. அதன் விலையைப் பார்த்ததும் மகாராணிகள் மட்டும்தான் வாங்க வேண்டும்போல என்று புரிந்தது. நம் ஊர்க் கீரியின் முடியில் செய்த பிரஷ்ஷை விற்பதோ குற்றம். ஆகவே நைலான்.

என் கஷ்டகாலம், பெட்டியில் மிச்சமிருந்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். 92ஆம் ரெஜிமென்ட், கார்டன் ஹைலேண்டர்ஸ். கரும்பச்சையும் கருநீலமும் கலந்த கட்டம்போட்ட கில்ட், அதில் மெல்லிய மஞ்சள் கோடு. கில்ட்டின் உயரம் அரை சென்டிமீட்டர். அதன் மடிப்புகள் மேல் கோடு நேராகப் போக வேண்டுமாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷை இறக்கினால், ஃபேன் காற்றில் பெயின்ட் நுனியிலேயே காய்ந்துவிடுகிறது. ஃபேனை நிறுத்தினால் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்து வீரனுக்கு இடுப்பளவு வெள்ளம். கடைசியில் டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்சை வைத்து, மேலே பட்டர் பேப்பர் விரித்து, அதில் பெயின்டைக் கலந்துகொண்டேன். சென்னை வெயிலில் இந்தப் பொழுதுபோக்கு பிழைத்திருப்பதே அந்த டப்பாவால்தான்.

வீரர்களுக்கு வயதாகவில்லை, எனக்குத்தான் சாளேஸ்வரம் வந்துவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு கண் வைத்தால் முழி பிதுங்குகிறது. எதிரே குதிரைப்படை வருவதால் வந்த பயம் என்று சமாதானம் சொல்லலாம்தான், ஆனால் படை மொத்தமும் ஒரே பக்கம் ஒன்றரைக்கண்ணாகப் பார்க்கிறது. இந்த அளவுக்குக் கண்ணே வைக்கக் கூடாது என்பார்கள் தேர்ந்தவர்கள். பழுப்பு மசியை நீர்க்கக் கரைத்து முகத்தில் ஓடவிட்டால் குழிகளில் தங்கி, நிழலே கண்ணாகிவிடும். உண்மைதான். அதைவிடச் சுலபமான வழி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. கண்ணாடி போட்டு அடிக்கிறேன், கழற்றிவிட்டுப் பார்க்கிறேன். அத்தனை கோடும் நேர், அத்தனை முகமும் களை. இருபது வயதில் கண் கூர்மையாக இருந்ததால் என் வேலையை என்னால் ரசிக்கவே முடியாமல் போயிற்று.

இந்த வயதில் இதெல்லாமா என்பவர்களுக்கு எச். ஜி. வெல்ஸைக் காட்டுகிறேன். வேற்றுக்கிரகவாசிகளைப் பூமிக்கு வரவழைத்தவர், தரையில் பொம்மைச் சிப்பாய்களைப் பரப்பி விளையாடும் விதிகளை 1913இல் ஒரு புத்தகமாகவே போட்டார். அந்த விளையாட்டுக்குரிய வயது பன்னிரண்டு முதல் நூற்றைம்பது வரை என்று தலைப்பிலேயே வரம்பு கட்டிவிட்டார். எனக்கு இன்னும் நிறைய டைம் இருக்கிறது.

நவராத்திரிக்கு மகள் என் படையைக் கொலுப்படிக்குக் கீழே, செட்டியார் கடைக்குப் பக்கத்தில் காவலுக்கு நிறுத்தினாள். மாமியார் குனிந்து பார்த்தார்.

“மாப்பிள்ளை, இவங்க ஏன் பாவாடை கட்டியிருக்காங்க?”

“அது கில்ட், அத்தை. ஸ்காட்லாந்துப் பட்டாளம்.”

“பட்டாளத்துக்குப் பாவாடையா? இருந்தாலும் கட்டம் எவ்வளவு நேரா போட்டிருக்கீங்க!”

அவருடைய கண்ணாடி ஹாலில் டிவி மேல் இருந்தது. நான் எடுத்துக்கொடுக்கவில்லை.

“நம்ம செட்டியாருக்கு மீசை அழிஞ்சுபோச்சு பாருங்க. பண்ருட்டில வாங்கினது. கை இவ்வளவு சுத்தமா இருக்கே, அதையும் இழுத்துவிடுங்களேன்.”

செட்டியார் முழுசாக ஒரு ஜாண். அவர் மீசையின் நீளம் என் சிப்பாயின் உயரம். அவ்வளவு பெரிய பரப்பில் வேலைசெய்து பழக்கமில்லை என்று சொல்லிப்பார்த்தேன்.

“பரவால்ல மாப்பிள்ளை, பெரிசாவே வைங்க. அப்படியே செட்டியாரம்மாவுக்குப் பொட்டும்.”