நூற்றுக்கு நூறு

கேள்வி: நோர்வேயில் தாதியாகப் படிக்கிறேன். மருந்துக் கணக்குப் பரீட்சையில் ஒரேயொரு கணக்குப் பிழைத்ததற்காகப் பெயிலாக்கிவிட்டார்கள். இது நியாயமா?
– வாசகி, ஒஸ்லோ

பதில்: நியாயம்தான், தங்கச்சி. நோயாளிக்குத் தொண்ணூறு வீதம் சரியான ஊசி போட முடியாதே! அதனால்தான் உங்கள் பரீட்சையில் ஒரு பிழையும் இல்லாமல் எழுதினால்தான் தேறலாம். மறுபடி எழுதமுன் பிழைத்த கணக்கை எடுத்துப் பாருங்கள்: பிழை சூத்திரத்திலா, அலகிலா, தசமத்திலா? ஊரில் 0.5 என்று புள்ளி வைப்போம். நோர்வேயில் 0,5 என்று காற்புள்ளி. அது கண்ணில் படாவிட்டால் மருந்து பத்து மடங்கு. மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் மாற்றிப் போட்டால் ஆயிரம் மடங்கு! தினமும் சில கணக்குகள் செய்யுங்கள். கல்குலேட்டரைத் தொடமுன் விடையை மனதால் மதிப்பிடுங்கள். ஒரு வேளைக்கு நாற்பது மாத்திரை என்று விடை வந்தால், முதல் வரியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.