ஆபீசராகப் போகிறவர்

இராணுவத்தில் அதிகாரியாவதற்குச் சில வருடம் முன்பிருந்தே அதிகாரியாக வாழ்ந்து பழகும் இளைஞர், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, அறந்தாங்கி, கீரனூர், பொன்னமராவதி என எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படுவார். வயது 19-க்கும் 25-க்கும் நடுவே. கல்யாணம் ஆகாதவர். ஏதாவது ஒரு பட்டம் வாங்கியவர், அல்லது கடைசி வருடம் படிப்பவர். இந்த மூன்றும் அவராக வகுத்துக்கொண்டவை அல்ல; சென்னைப் பரங்கிமலையில் 1963 முதல் இயங்கிவரும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர யூ.பி.எஸ்.சி. கேட்கும் தகுதிகள். மற்றதெல்லாம் அவருடைய சொந்தச் சேர்மானம்.

ஆளை அடையாளம் காணச் சிரமப்பட வேண்டாம். காதுக்கு மேலே தோல் தெரிகிற கட்டிங். கைலி கட்டியிருந்தாலும் காலில் ஓட்டப்பந்தய ஷூ. பேருந்து நிலையத்தில் எல்லாரும் தூணில் சாய்ந்து அறந்தாங்கி வண்டிக்குக் காத்திருக்க, இவர் மட்டும் தேசிய கீதம் பாடுகிறவரைப் போல நிற்பார். தாய்மாமனைப் பார்த்துக் கும்பிட்ட கை இப்போது குலுக்குகிறது, மாமனின் மோதிரம் பக்கத்து விரலில் பதிகிற அளவுக்கு. "சாப்டியாடா?" என்று அம்மா கேட்டால் "அஃபர்மேட்டிவ்" என்பார். அது இல்லையென்று சொல்வது போலக் கேட்பதால் அம்மா இன்னொரு தடவை சோறு போடுவார். அறைச் சுவரில் ஃபீல்ட் மார்ஷல் மானக்‌ஷா. 2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்ததிலிருந்து பக்கத்தில் மேஜர் முகுந்த் வரதராஜன். முகுந்தும் பரங்கிமலையில் பயிற்சி முடித்தவர்தான் என்பதை விருந்தாளிகளுக்குக் காபி வருவதற்குள் சொல்லிவிடுவார்.

காலை ஐந்து மணிக்கு ஓட்டம். பயிற்சிக்கு வருகிறவர்கள் 2.4 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் ஓடிப் பழகியிருக்க வேண்டும் என்று ஓர் அறிவுரை உண்டு. முதல் அரைக் கிலோமீட்டருக்குத் தெருநாய்கள் உதவும். பிறகு அவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊராருக்கு இவருடைய இலட்சியம் சரியாகப் பிடிபடுவதில்லை. அவர்களுக்கு மிலிட்டரி என்றால் ஒரே மிலிட்டரி. திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகம் அக்னிவீர் முகாம் நடத்தும்போதெல்லாம் டீக்கடையில் இந்தப் பேச்சு எழும்.

"என்னப்பா, ஆளெடுக்குறாங்களாம், போகலையா?"

"சித்தப்பா, அது ஜவானுக்கு. நான் ஆபீசருக்குப் போறேன்."

"ரெண்டுக்கும் ஓடத்தானப்பா சொல்லுவான்?"

இதற்குப் பதில் கிடையாது. விண்ணப்பம் போட்ட செய்தி பரவிய வாரமே கேன்டீன் பட்டியலும் தயாராகிவிடும். அத்தைக்கு மிக்ஸி, பெரியம்மாவுக்குச் சக்கரம் வைத்த பெட்டி, சித்தப்பாவுக்கு அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும் இன்னொன்று.

ஊரில் உண்மையாகவே இராணுவம் தெரிந்தவர் ஒருவர் இருப்பார்: மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது கடலை போட்டுக்கொண்டிருக்கும் ஹவில்தார். ஆபீசராகப் போகிறவர் அவரிடம் மட்டும் ஆலோசனை கேட்பதில்லை, படிநிலை இடிக்கிறது. கேட்காமலேயே அவர் ஒருநாள் சொல்லிவிடுவார்: "தம்பி, நான் பார்த்த ஆபீசர் ஒருத்தரும் இப்புடி விறைப்பா நின்னதில்ல. விறைப்பா நின்னது நாங்கதான்." பல மாதப் பயிற்சி வகுப்பில் கிடைக்காத தகவல் இது. ஆனால் இலவசமாகக் கிடைத்ததால் மதிப்பு இல்லாமல் போகிறது.

அடுத்து விண்ணப்பம். ஒருங்கிணைந்த பாதுகாப்புப் படைத் தேர்வு, சுருக்கமாக சி.டி.எஸ்., வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. கட்டணம் 200 ரூபாய்; பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் அதுவும் இல்லை. பிரவுசிங் சென்டரில் பணத்தைவிடப் பெயர்தான் பெரிய சிக்கல். வடக்கே வழங்கும் படிவங்கள் குடும்பப் பெயரை எதிர்பார்க்கும். இவருக்கு இருப்பது ஓர் இனிஷியல். அதை விரித்து எழுதினால் அப்பா பெயர் முன்னால் வந்து, தேர்வு எழுதப்போவது அப்பாவா மகனா என்ற சந்தேகம் கிளம்பும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் புள்ளியுடன், ஆதாரில் புள்ளியின்றி, பட்டத்தில் இனிஷியல் பின்னால் என ஒரே ஆள் மூன்று பேராக நிற்பார். இராணுவம் பின்னால் எத்தனையோ தடைகளைத் தாண்டச் சொல்லும். முதல் தடை இந்தப் புள்ளிதான்.

எழுத்துத் தேர்வில் டேராடூன் அகாடமிக்கு ஆங்கிலம், பொது அறிவு, கணக்கு மூன்றும் உண்டு. பரங்கிமலைக்கு முதல் இரண்டு மட்டும், தாளுக்கு 100 மதிப்பெண். வரலாறு படித்தவரும் தமிழ் இலக்கியம் படித்தவரும் பரங்கிமலையை விரும்புவதற்குத் தேசபக்தியுடன் இந்தக் காரணமும் சேர்ந்திருக்கிறது. இராணுவத்தில் கணக்கே கிடையாது என்று நம்புகிற அளவுக்குச் சிலர் போய்விடுவார்கள். பீரங்கிப் படைக்காரர் காதில் விழுந்தால் சிரிப்பார். பொது அறிவுத் தாளின் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். தமிழ் வழியில் படித்தவர் கேள்வியைப் புரிந்துகொள்வதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் தப்பாக விடை எழுதி முடித்திருப்பார். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்து 'சி' சான்றிதழை நல்ல தரத்தில் வாங்கியவருக்கு எழுத்துத் தேர்வே இல்லாத தனி வழி உண்டு. அவர்கள் சி.டி.எஸ். எழுதுபவர்களைப் பார்க்கும் பார்வை, சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கியவர்கள் பொது வரிசையைப் பார்ப்பதை ஒத்தது.

எழுத்தில் தேறியவருக்கு எஸ்.எஸ்.பி. அழைப்பு வரும். இந்த வகை மனிதரின் முழு மலர்ச்சி அப்போதுதான்.

எஸ்.எஸ்.பி. என்பது ஐந்து நாள் தேர்வு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் இராணுவம், நல்ல குடும்பத்துப் பையனா என்று பார்த்து அதிகாரி எடுக்கும் பழக்கம் பலிக்காமல், 1942-இல் மனநல மருத்துவர்களையும் உளவியலாளர்களையும் சேர்த்து ஒரு முறையை உருவாக்கியது. மறுவருடமே அது டேராடூனுக்கு வந்தது. ஆளின் இயல்பு அவனுக்கே தெரியாமல் வெளிப்பட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அதனால்தான் எல்லாவற்றிலும் அவசரம்: 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிக்குள் ஒரு வாக்கியம், 60 இக்கட்டுகள், அரை மணி நேரத்தில் அத்தனைக்கும் தீர்வு, ஒரு படத்தை 30 விநாடி பார்த்து நான்கு நிமிடத்தில் ஒரு கதை. யோசிக்க நேரம் கொடுத்தால் மனிதன் நடிப்பான் என்று கண்டுபிடித்தவர்கள் நினைத்தார்கள். நேரமே கொடுக்காவிட்டாலும் நடிக்க முடியும் என்பது பயிற்சி மையங்களின் கண்டுபிடிப்பு. இயல்பாக இருப்பது எப்படி என்று அங்கே பாடத்திட்டம் போட்டுச் சொல்லித் தருகிறார்கள். அதிகாரிக்கு வேண்டிய 15 குணங்களின் பட்டியல் பீரோக் கதவில் ஒட்டப்படுகிறது. திங்கள் துணிவு, செவ்வாய் ஒத்துழைப்பு என்று வாரத்தையே பங்கிட்டுக்கொள்பவரும் உண்டு.

இந்தப் பாடத்திட்டத்தின் தலைசிறந்த படைப்பு ராகுல். படக்கதைத் தேர்வில் எந்தப் படம் காட்டப்பட்டாலும் அதில் நிற்பவன் ராகுல். 24 வயது, பொறியாளன், கல்லூரிக் கால்பந்து அணித் தலைவன். ஒரு கிராமத்துக்கு வருகிறான். அங்கே தண்ணீர் இல்லை அல்லது வெள்ளம். ராகுல் இளைஞர்களைத் திரட்டுகிறான், நிதி வசூலிக்கிறான், ரத்த தான முகாம் நடத்துகிறான், கலெக்டரிடம் பாராட்டு வாங்குகிறான், நான்கு நிமிடமும் முடிகிறது. ஆலங்குடிக்காரர் தன் வாழ்நாளில் ஒரு ராகுலைக்கூடச் சந்தித்ததில்லை. சந்தித்த முருகேசன்களையும் அடைக்கலங்களையும் எழுத அவருக்குக் கூச்சம். பன்னிரண்டாவது படம் வெற்றுத்தாள். எதை வேண்டுமானாலும் எழுதலாம். அங்கும் ராகுலே வருகிறான், கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டு. திருத்த உட்காரும் உளவியலாளர் அந்த வாரம் படிக்கிற எத்தனையாவது ராகுல் அது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இதில் வேடிக்கை, ராகுல் செய்வதை எல்லாம் இவரே ஊரில் செய்தவர். பங்குனியில் நார்த்தாமலைத் தேருக்கு நடந்து போகிறவர்களுக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டவர். பந்தல்காரர் வராமல் ஏமாற்றியபோது கூட்டுறவுச் சங்கத் தார்ப்பாயை இரவல் வாங்கிக் கட்டியவர். வசூலில் தகராறு வந்து இரண்டு தெருவும் முறைத்துக்கொண்டபோது இரண்டு பக்கமும் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தவர். அதிகாரிக்கு வேண்டிய 15 குணங்களில் பத்துக்குக் குறையாமல் அந்த ஒரு வாரத்தில் வெளிப்பட்டிருக்கும். எஸ்.எஸ்.பி.க்காகப் போகும் பெங்களூருவில் அதில் ஒரு வரிகூட எழுதமாட்டார். இமயமலையில் பனிச்சரிவில் சிக்கிய நண்பனைத்தான் காப்பாற்றுவார். பனியைப் பார்த்தது ஐஸ் பெட்டியில் மட்டும்.

நேர்காணலுக்கு முன் நிரப்பும் படிவம் விசாலமானது. அப்பா தொழில், வருமானம், அதிக காலம் வசித்த ஊர், அதன் மக்கள்தொகை, அது மாவட்டத் தலைநகரா என்பதுவரை கேட்கும். பொழுதுபோக்கு என்ற இடத்தில் கபடி அடிபட்டு, மலையேற்றம் ஏறும். ஊரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் மனப்பாடம் செய்திருப்பார்: 17 குண்டு மரியாதை பெற்ற சமஸ்தானம், 1948 மார்ச் 3-இல் இந்தியாவோடு இணைந்தது, 1974-இல் தனி மாவட்டம், சித்தன்னவாசல் ஓவியம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, திருமயம் கோட்டை. எதிரே இருப்பவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது?" என்பார். அதற்கு அப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

மைதானத்தில் நடக்கும் குழுத் தேர்வுகள் தனி ரகம். பலகை, கயிறு, உருட்டுக்கட்டை கொடுத்து, சிவப்பு பூசிய இடத்தைத் தொடாமல் சுமையோடு எல்லாரும் கடக்க வேண்டும். கிணற்றுக்குள் இறங்கி, பழுதான மோட்டாருக்குக் கயிறு கட்டி மேலே ஏற்றிய குடும்பத்துப் பிள்ளைக்கு இது விளையாட்டு. ஆனால் தலைமைப் பண்பு பேச்சில் தெரிய வேண்டும் என்று வகுப்பில் சொல்லிவிட்டார்கள். ஆகவே "ஜென்டில்மென், எனக்கு ஒரு யோசனை" என்று ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார். வாக்கியம் முடிவதற்குள் ஹரியானாக்காரர் பலகையைப் போட்டு நடந்திருப்பார். 'பாம்பு' எனப்படும் நீளமான கித்தான் சுருளைத் தோளில் தூக்கித் தடை தாண்டும் ஓட்டத்தில் குழுவுக்கு ஒரு முழக்கம் வேண்டும். இவர் மெட்ராஸ் ரெஜிமென்டின் "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பதை முன்மொழிவார். ஒத்திகையில் அது வடக்கத்தி வாய்களில் புகுந்து புறப்படும் கோலத்தைக் கேட்டுத் தானே வாபஸ் வாங்குவார்.

முதல் நாள் வடிகட்டலில் நடக்கும் குழு விவாதம் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவதாக முடிந்தால், தேர்வர்கள் மொழியில் அது 'மீன் மார்க்கெட்'. ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏலம் பார்த்தவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். அங்கே ஒருவர் கேட்க மற்றவர் ஏற்றிச் சொல்ல, நிமிடத்தில் கணக்கு முடிந்துவிடும்.

பெண்களில் இந்த வகை சற்று வேறு. 1991-92-இல் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அதே 1992-இல்தான் அதிகாரிப் பணிக்கான பயிற்சியில் பெண்களைச் சேர்க்க இராணுவம் தொடங்கியது. அப்போது சைக்கிள் பழகியவர்களின் மகள்கள் இப்போது விடிகாலையில் ஓடுகிறார்கள். விறைப்பு குறைவு, ஆங்கிலம் அளவோடு. 'கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும்' என்ற விதியை ஆண்கள் படித்துவிட்டுக் கடந்துபோவார்கள். இவர்கள் அச்செடுத்து வைத்துக்கொள்வார்கள். வரன் வரும்போதெல்லாம் மத்திய அரசின் உத்தரவாக அது எடுத்துக் காட்டப்படும். தரகர் யூ.பி.எஸ்.சி.யை எதிர்த்துப் பேசி ஜெயித்ததில்லை.

பெங்களூருவிலிருந்து திரும்புகிறவர்களுக்குப் பட்டங்கள் உண்டு. முதல் நாளே அனுப்பப்பட்டவர் 'ஸ்கிரீன்டு அவுட்'. கடைசி நாள் கூட்டம்வரை இருந்து திரும்பியவர் 'கான்ஃபரன்ஸ் அவுட்', இது எம்.ஏ.வுக்கு ஒருபடி மேலாக மதிக்கப்படும். முதல்முறை போகிறவருக்கு ரயில் கட்டணத்தை இராணுவம் திருப்பித் தரும், மூன்றாம் வகுப்பு ஏ.சி.வரை. அடுத்தடுத்த முறை சொந்தச் செலவு என்பதால், அனுபவம் கூடக்கூடப் பெட்டியின் தரம் குறைந்து, மூத்த தேர்வர்கள் முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறைக் கதவோரம் நின்று வருவார்கள். கூட்டத்திலும் முதுகு நேராகத்தான் இருக்கும்.

தேறியவர்களுக்கு மருத்துவச் சோதனை, அப்புறம் தரவரிசைப் பட்டியல், அப்புறம் பரங்கிமலையில் 49 வாரம். மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை, முடிவில் லெப்டினன்ட். இவர்கள் அதோடு இந்த வகையிலிருந்து விலகிவிடுகிறார்கள். விடுமுறையில் ஊருக்கு வந்தால் கைலியைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நிற்பார்கள்.

தேறாதவர்கள் 25 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். ஒரு பகுதியினர் குரூப் 2, வங்கி, காவல் சார்பு ஆய்வாளர் தேர்வுகளுக்குத் திரும்பி, அங்கே பொது அறிவுத் தாளைச் சுலபமாகத் தாண்டுகிறார்கள். இன்னொரு பகுதியினர் மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து எஸ்.எஸ்.பி. பயிற்சி மையம் தொடங்குகிறார்கள். விளம்பரத் தட்டியில் 'நான்கு முறை கான்ஃபரன்ஸ் வரை சென்றவர் நடத்தும்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். சேர்கிறவர்களுக்கு முதல் வகுப்பிலேயே ராகுலை அறிமுகப்படுத்துவார்கள். கட்டணத்தை இரண்டு தவணையில் கட்டலாம்.